பெரட்டு நேரத்தில் அணையும் விளக்கு

வலது மணிக்கட்டு வலித்தது. ரப்பர் பால்மரத்தில் கத்தி பிடித்து இழுத்த கை. தோட்டம் போய், மரம் போய், கத்தியைத் துருப்பிடிக்க விட்டு எத்தனையோ வருடம் ஆன பிறகும், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரம் வந்தால் அந்த மணிக்கட்டு மட்டும் தானாக விழித்துக்கொண்டு உள்ளே குடையும். தனலெட்சுமி கண்ணைத் திறக்காமல் பாயில் கிடந்தாள். அவளுக்குக் கடிகாரம் தேவையில்லை. வலி வந்துவிட்டால் அந்த நேரம்தான்.

கண்ணைத் திறந்தபோது பின்னறைக் கதவின் அடியில் வெளிச்சம் இன்னும் இருந்தது. இந்நேரம் அணைந்திருக்க வேண்டும்.

கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில், தொழிற்பேட்டைக் கொட்டகை லோட்டு அது. சன்னல் இல்லாத பின்னறையில் இரும்பு ரேக்குகள், ரேக்குகளில் படுக்கவைத்த சப்பை பிராந்திப் போத்தல்கள், ஒவ்வொரு போத்தலிலும் கரித்தூளும் வாழைப்பழமும் சேர்த்துக் காய்ச்சிய அகார் கூழ், அதில் விரல்நகம் அளவுக்கு ஆர்க்கிட் நாற்றுகள். மேலே வரிசையாக டியூப் லைட். பழைய சாமான் கடையிலிருந்து வரும் போத்தல்களைக் கழுவுவது தனலெட்சுமியின் வேலை. அவள் புருஷனைக் கொன்ற போத்தலும் இதே சப்பைப் போத்தல்தான். அதை நினைத்துக்கொண்டே கழுவ முடியாது என்பதால் அவள் நினைப்பதில்லை.

பதினாறு மணி நேரம் வெளிச்சம், எட்டு மணி நேரம் இருட்டு. முதலாளி சிவசம்பு இதை மந்திரம் மாதிரி சொல்லுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, அரசாங்க வேலையில் இருந்து பென்ஷன் வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரர். பகல் முழுக்க ஜிங்க் கூரைச் சூட்டோடு விளக்கும் எரிந்தால் நாற்று வெந்துவிடும், ஆகவே இருட்டு காலையில் தொடங்கட்டும், எந்த நேரம் என்று நீயே வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். அவள் பெரட்டு நேரத்தை வைத்தாள். தோட்டத்தில் விடியுமுன் தண்டவாளத் துண்டை அடித்து ஆட்களைக் கூட்டி, கிராணி எனும் கணக்கர் பேர் கூப்பிடும் நேரம். உடம்பு தப்பாமல் விழிக்கும் நேரம் அது ஒன்றுதான். டைமர் சரியாக ஓடுகிறதா என்று வலியை வைத்தே பார்த்துவிடலாம். டைமரின் வட்டத் தகட்டில் அந்த இடத்து ஊசியை அவளேதான் குத்தினாள்.

நாற்று இன்னொரு தடவை செத்தால் லோட்டை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். முன்பக்கம் அவள் பாய் விரிக்கும் மூலைதான் அவளுக்கு வீடு. தோட்டத்து லய வீடுகளை உடைத்த பிறகு அவளுக்கு வேறு கூரை கிடையாது.

எழுந்து உள்ளே போனாள். வாழைப்பழம் புளித்த வாடை, சூடேறிய டியூப் லைட் சோக்குகளின் தார் வாடை. டைமர் ஊசியைத் தாண்டி ஓடியிருந்தது, விளக்கு மட்டும் அணையவில்லை. செருப்பைக் கழற்றி டைமரை ஒரு தட்டுத் தட்டினாள். க்ளிக் என்றது. இருட்டு விழுந்தது.

சூடு இறங்கும் போத்தல்கள் அங்கங்கே டிக், டிக் என்றன. அது எப்போதும் கேட்பதுதான். ஆனால் அதற்கு நடுவே இன்னொரு சத்தம், கடைசி ரேக்குக்குப் பின்னாலிருந்து, மரத்தில் கட்டிய பால் கிண்ணத்தை ஒருத்தி கவிழ்த்துத் துடைத்து மறுபடி நிமிர்த்தி வைப்பதுபோல, ஒன்று, சற்று நடந்து இன்னொன்று, சற்று நடந்து இன்னொன்று என்று அவசரமில்லாமல் வந்தது. பிறகு வாடை. வாழைப்பழம் இல்லை. வாளியின் அடியில் காய்ந்து நாறும் ஒட்டுப்பால்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

டைமரை மாற்றச் சொன்னாள். முதலாளியின் காரில் கிள்ளானுக்கு, பாலன் கடைக்குப் போனார்கள். பாலன் வயரிங் வேலை செய்பவன், வாய் நிறையப் பேசுபவன். பழைய டைமரைப் பிரித்து, கரண்டை விட்டு நிறுத்தும் பல் கருகியிருப்பதைக் காட்டினான். டியூப் லைட் சோக்கு எடுத்த எடுப்பில் கரண்டை இழுக்கும், வீட்டு விசிறிக்குச் செய்த இந்தச் சின்னப் பல் அதைத் தாங்காமல் ஒட்டிக்கொள்ளும், கரண்ட் போனால் முள்ளும் நின்று நேரம் பிந்தும் என்று விளக்கினான். இரண்டு வழி இருக்கிறது என்றான். பேட்டரி வைத்த டிஜிட்டல் ஒன்று, விலை குறைவு. இல்லாவிட்டால் கரண்ட் போனாலும் தன் ஸ்பிரிங்கில் ஓடும் கனமான டைமர். அது நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும், விளக்குப் பாரத்தைத் தனியாக ஒரு பெரிய ரிலே தூக்கும். முதலாளி டிஜிட்டலை எடுத்தார்.

அறையின் ஈரம் அதைச் சாப்பிட்டது. எண்கள் பாதி பாதியாக மங்கின. சில விடியலில் அணைந்தது, சிலவற்றில் இல்லை. ஆகவே தினமும் அந்த நேரத்துக்கு அவள் உள்ளே போய், அணைகிறதா என்று நின்று பார்க்க வேண்டியிருந்தது. அணையாத நாட்கள்தான் அவளுக்கு நிம்மதி. மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். தானாக அணையும் நாட்களில் கால் நகராது. சிமெண்டுத் தரையில் ஈரக் கால்கள் வந்து நிற்கும். ஒருத்தி. பக்கத்தில் இன்னொருத்தி. சேலையை வரிந்து கட்டும் சரசரப்பு. தலையில் கட்டிய மண்ணெண்ணெய் விளக்கின் புகை, ஆனால் வெளிச்சம் இல்லை. யாரோ வெற்றிலை மெல்லுவார்கள். வரிசை கட்டி நிற்பார்கள், எதையோ கேட்கக் காத்திருப்பவர்கள் மாதிரி.

அறைக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயின் வளைவை அவளுக்குத் தெரியும். அந்த வளைவுக்குப் பக்கத்தில்தான் தோட்டத்துப் பெரட்டுக் களம் இருந்தது. அதற்கு மேலே மேட்டில் சவக்குழிகள். குழிகளை வேறிடம் மாற்றித் தருவதாகத் தோட்டத்தை வாங்கியவர்கள் சொன்னார்கள். புல்டோசர் வந்தது. மாற்ற யாரும் வரவில்லை. மேட்டை வெட்டிக் களத்தில் கொட்டி நிரவி, அதன்மேல்தான் இந்த லோட்டைக் கட்டினார்கள். பூரணமும் அந்த மண்ணில்தான் வந்திருப்பாள்.

பூரணம் அவளுக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவள். ஒரு விடியலில் தனலெட்சுமி காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பெரட்டில் ஆள் இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை, அடிக்கடி இல்லாவிட்டால் லயத்தில் வீடும் இல்லை. அதனால் இருட்டில் ஒருத்திக்கு இன்னொருத்தி குரல் கொடுப்பது தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். கிராணி விளக்கைத் தூக்கி முகம் பார்ப்பதில்லை. பூரணம் கம்பளியை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டுச் சொன்னாள்:

"படுத்துக்கடி. இன்னைக்கு உனக்கு நான் சொல்லிக்கிறேன். ஒரு நாளைக்கு எனக்கு நீ சொல்லு."

குரல் கொடுத்தால் மட்டும் போதாது, அவள் மரங்களிலும் பால் வெட்டியாக வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பேர் நிரையையும் முடிக்கப் பூரணம் ஓடினாள். கிழட்டு மரம் ஒன்று முறிந்து அவள்மேல் விழுந்தது. சாயங்காலம் தேடிப் போனவர்கள் பார்த்தபோது, மரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு வாளி பாலும் சிந்தாமல் இருந்ததாம்.

அந்த நாளுக்கான சம்பளம் தனலெட்சுமிக்கு வந்தது. வாங்கிக்கொண்டாள். என்ன செய்வது, அரிசி வேண்டுமே.

டிஜிட்டலும் செத்துப்போன பிறகு, நல்லதையே வாங்குங்கள் என்று முதலாளியிடம் பிடிவாதமாக நின்றாள். தப்பாத டைமர் இருந்தால் அணைகிறதா என்று பார்க்க உள்ளே போக வேண்டாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக் கிடக்க வேண்டும்.

பாலன் பெரிய இரும்புப் பெட்டியோடு வந்து சுவரில் பூட்டினான். டைமர், ரிலே, மெயின் சுவிட்ச் எல்லாம் அதற்குள்.

"இது உங்க புருஷனவிட நம்பிக்கையானதுக்கா," என்றான்.

"அதுக்கு ரொம்ப நல்லதா இருக்கணும்னு இல்ல தம்பி."

சிரித்துக்கொண்டே ஊசியை எங்கே வைப்பது என்று கேட்டான். வேறு நேரம் சொல்லலாம் என்று அவள் வாய் திறந்தாள். அதற்குள் முதலாளி, பழைய நேரம்தான், நாற்று பழகிவிட்டது, மாற்றினால் வாடும் என்றார். பாலன் சோதித்துப் பார்க்க ரிலேயை விட்டான்.

டாங்.

அவள் கையிலிருந்த போத்தல் நழுவி உடைந்தது. இரும்புப் பெட்டி முழுக்க அதிர்ந்து, சுவரில் ஓடி, ரேக்குகளில் நடுங்கி அடங்கிய அந்தச் சத்தத்தை அவள் காது அறியும். மாமரக் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதே கனம். அதே இழுவை.

"சத்தத்தக் கொறைக்க முடியாதா தம்பி?"

"சத்தம் வந்தாத்தான்கா வேல செய்யுதுன்னு அர்த்தம். நல்ல சாமான்லா. நீங்க போனப்புறமும் இது ஓடும்."

செருப்பால் தட்டுகிற பழக்கம் இனி வேண்டாம் என்று சொல்லி, முதலாளி பெட்டியைப் பூட்டிச் சாவியை பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மணிக்கட்டு வலித்தது. டாங் என்றது. கதவடி வெளிச்சம் போனது.

பாயில் கிடந்தபடியே கேட்டாள். இப்போது ஒருத்தி இருவர் இல்லை. மணியடித்துக் கூப்பிட்டால் வருவதுபோல எல்லாரும் வந்தார்கள், வாளிகள் தரையில் உட்கார்ந்தன, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொள்ளும் முனகல், இருமல், பிறகு எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு கந்தப்பு கிராணி தொண்டையைச் செருமும் சத்தம். மூலத்தில் செத்துப்போன கந்தப்பு கிராணி. பேர் கூப்பிட்டார்.

சீதாலெட்சுமி. இருக்கேன்யா. காச நோயில் போனவள்.

இராஜம்மா. இருக்கேன்யா. பிள்ளைப்பேற்றில் போனவள்.

வரிசை அவளுக்கு மனப்பாடம். அடுத்தது யார் என்று தெரியும். கம்பளியைக் கடித்துக்கொண்டாள்.

தனலெட்சுமி.

அவள் பேசவில்லை. உள்ளே ஒரு குரல் பேசியது. தனலெட்சுமியின் குரல் மாதிரி மூக்கால் கொஞ்சம் இழுத்து, அவளை மாதிரியே கடைசியில் தாழ்த்தி: "இருக்கேன்யா."

பூரணத்துக்கு மட்டும்தான் அந்த மாதிரி செய்ய வரும்.

பூரணம், என்றார் கிராணி.

யாரும் பதில் சொல்லவில்லை. வெற்றிலை மெல்லுவதும் நின்றது. அவ்வளவு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். மதியம் தாண்டி ரிலே மறுபடி விழுந்து விளக்கு எரியும் வரைக்கும் காத்திருந்தார்கள்.

காப்பிக் கடையிலிருந்து முதலாளிக்குப் போன் போட்டாள். பெட்டியைத் திறக்க வேண்டும், நேரத்தை மாற்ற வேண்டும் என்றாள். நாற்று நன்றாக வருகிறது, இப்போது எவனாவது டைமரில் கை வைப்பானா என்றார். சத்தம் என்றாள்.

"காதுல பஞ்சு வெச்சுப் படு பிள்ளை," என்று போனை வைத்தார்.

பஞ்சு வைத்தாள். மணிக்கட்டுக்குப் பஞ்சு இல்லை. எங்காவது போய்விடலாம் என்று ஒரு விடியலில் ரோலர் கதவைத் தூக்கி ரோட்டுக்கு வந்தாள். விளக்குக் கம்பங்கள், லோரிகள், வேலிகள், அவற்றுக்கு அடியில் அதே சிவப்பு மண். மேரு முழுக்க ஒரு காலத்தில் அந்த ரப்பர்க் காடுதான். திரும்பி வந்து படுத்தாள்.

டைமர் ஒரு நாளும் தப்பவில்லை.

பிறகு ஒரு விடியலில், கிராணி பூரணத்தின் பேரைக் கூப்பிட்டு நின்ற இடத்தில், உள்ளே தாழ்ப்பாள் மெல்ல நகரும் சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

தரையில் கன்னத்தை வைத்துக் கதவடி இடுக்கில் பார்த்தாள்.

கால்கள். வரிசையாக. பால் காய்ந்து வெளுத்த விரல்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

எல்லாக் கால்களும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

எழுந்தாள். எழ நினைக்கவில்லை. மணியடித்தால் எழும் உடம்பு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே குளிர்ந்தது, காட்டு விடியல் மாதிரி. நடந்தாள். இரண்டு தோள்களுக்கு நடுவே போய் நின்றாள். இடம் சரியாக இருந்தது. இடப்பக்கத்துத் தோள் நனைந்திருந்தது. அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

மதியம் வரை இருட்டு. நல்ல டைமர். முன்னால் எரியாது.

பூரணம், என்றார் கிராணி.

நசுங்கிய தோள் அவளை மெல்ல இடித்தது. சொல்லு என்பதுபோல.

தனலெட்சுமி வாயைத் திறந்தாள். பூரணத்துக்கு அவள் ஒரு பெரட்டு பாக்கி.