சிறகில்லாத பெண் பூச்சி

வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. வாசலில் தையல் கடைப் பலகை, ஜன்னலில் தலையில்லாத பொம்மைக்கு மாட்டிய ஒரு கோட்டு. பகல் பதினொரு மணி. அந்த நேரத்தில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிற ஆள் நான். அன்று வரை.

முப்பது வருடமாக அருங்காட்சியகத்தில் அந்துப்பூச்சிகளை இனம் பிரிப்பதுதான் என் பிழைப்பு. என் மைத்துனர் இன்றைக்கும் "பூச்சிக்காரர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். நான் அங்கே போவதற்கு முந்தைய வாரம் அந்த வீட்டுத் தையற்காரி ஒரு கண்ணாடிப் புட்டியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "துணியெல்லாம் அரிச்சிடும் போலிருக்கு சார், என்ன மருந்து அடிக்கட்டும்?" என்று கேட்டாள். உள்ளே பத்தொன்பது பூச்சிகள். மருந்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றும் விரல் நகத்தில் பாதி. புகைக்கரி நிற இறக்கையில் ஒரே ஒரு வெளிர்ப்புள்ளி, தலையில் துருநிறக் குடுமி. வாய் கிடையாது. புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்தே சாகும்வரை காலத்தை ஓட்டும். ஆனால் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை இறக்கையைப் பார்த்து நம்பக் கூடாது. வயிற்றை நறுக்கி, வெதுவெதுப்பான காரக் கரைசலில் ஊறவைத்து, சதை கரைந்தபின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இனத்துக்கு இனம் மாறுவது அதுதான். பெண்ணைப் பிடித்துக்கொள்ள ஆணுக்கு இருக்கும் இடுக்கியின் உள்விளிம்பில் பதினொரு முட்கள், சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக நின்றன. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

புது இனம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே குறை, பத்தொன்பதும் ஆண். பெண்ணை விவரிக்காமல் கட்டுரை அனுப்பினால் அரைகுறை என்பார்கள். அதைத் தேடித்தான் அவள் வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். கழுத்தில் அளவு டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. பேசுவதற்காக அவற்றை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

"பின்னாடி ரூம்ல இருந்துதான் வருது சார். அப்பா இருந்தவரைக்கும் பூட்டியே வச்சிருந்தார். போன வருஷம் அவர் போனப்புறம்தான் துணி வைக்கலாம்னு திறந்தேன்."

"அம்மா இருக்காங்களா?"

"ஓடிப்போயிட்டா. அப்போ எனக்கு ஒன்பது வயசு." சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவ போட்டோ எல்லாத்தையும் நானே அடுப்புல போட்டேன். பெத்த பொண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காம போனவளுக்கு நான் ஏன் சார் அழணும்?"

அறையைக் காட்டச் சொன்னேன். அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கில்லை.

பின்னறையில் ஜன்னல் இருந்தது. ஆனாலும் வெளிச்சம் பாதி வழியில் நின்றுவிட்டது போலிருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்க மர அலமாரி. அவள் அப்பா தச்சர், அவரே செய்தது. தட்டுகளில் கம்பளித் துணிச் சுருள்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன், ஒரு ஓட்டை இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்த யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி ஈரமுடி வாசனை மட்டும் அடித்தது.

அவளுக்குத்தான் முடியே இல்லையே என்று தோன்றியது. வேலை அவசரத்தில் விட்டுவிட்டேன்.

தரையில் படுத்து, அலமாரியின் அடிப்பலகை இடுக்கில் டார்ச் அடித்தேன். அரிசி நீளத்தில் சின்னச் சின்னக் கூடுகள், இருநூறாவது இருக்கும். புழுக்கள் தாம் தின்னும் பொருளிலிருந்தே பின்னிக்கொள்ளும் உறைகள். அவற்றின் நடுவில் தடித்த வயிற்றை இழுத்துக்கொண்டு ஒன்று நடந்து வந்தது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு முண்டுகள்.

"கிடைச்சுடுச்சு," என்று கத்தினேன். "பொண்ணு! பாருங்க, இதுக்குச் சிறகே இல்லை."

அவள் குனிந்தாள். "அப்போ எப்படி சார் பறக்கும்?"

"பறக்காது. பிறந்த இடத்துலயே முட்டை வச்சு, அங்கேயே சாகும். அதனால இதோட சாப்பாடும் இங்கேயேதான் இருக்கணும், ஒரு கை தூரத்துல." கையடக்க லென்ஸில் ஒரு கூட்டைப் பார்த்துக்கொண்டே உளறினேன். "கம்பளி இல்லை. ஆட்டு ரோமமும் இல்லை. தலைமுடி. நல்ல நீளமான முடி, செம்பட்டையா..."

அப்போதுதான் என் காதில் நான் பேசியது விழுந்தது.

அவள் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கு முழங்கால் வரைக்கும் முடி," என்றாள்.

கழுத்திலிருந்த டேப்பை உருவி அலமாரியின் பக்கவாட்டை வெளியே அளந்தாள். முப்பத்தெட்டு அங்குலம். கதவைத் திறந்து உள்ளே பின்பலகை வரை அளந்தாள். இருபது. திரும்பவும் அளந்தாள். ஒரு வருடமாக அந்த அலமாரியில் துணி அடுக்கியவள், அதை அளந்தது அன்றுதான்.

"போலீஸுக்குச் சொல்லிடலாம்மா," என்றேன்.

கனமான கத்தரியைப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினாள். பின்பலகை கழன்று வந்தது. ஈரமுடி வாசனை முகத்தில் அறைந்தது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தம்மா.

எலும்புதான். ஆனால் முடி அப்படியே இருந்தது.

தோளிலிருந்து வழிந்து, மடியில் சுருண்டு, தரையில் பரவியிருந்தது. அதன்மேல் கருப்பாகப் பூச்சிகள் ஊர்ந்தன. தையற்காரி அழவில்லை. குனிந்து, "இங்கேயா இருந்த?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு போலீஸ் வந்தது, பரிசோதனை நடந்தது. இறந்து முப்பத்திரண்டு வருடம் என்றார்கள். மண்டையில் அடிபட்ட விரிசல். கடைசிக் காரியங்களை மகளே செய்தாள். அலமாரியை உடைத்து அகற்றி, அறைக்கு வெள்ளையடித்தாள்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒரு புழு எவ்வளவு தின்னும் என்று எனக்குத் தெரியும். வருடத்துக்கு இத்தனை தலைமுறை, தலைமுறைக்கு இத்தனை புழு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு பெண்ணின் தலைமுடி நான்கு வருடத்துக்கு வரும். மிஞ்சிப்போனால் ஐந்து.

முப்பத்திரண்டு வருடம் தின்றும் அது தீரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். போனேன். மெலிந்திருந்தாள், முகத்தில் மட்டும் ஒரு தெளிவு. பேசாமல் திரும்பி உட்கார்ந்து பிடரியைக் காட்டினாள்.

வெட்டிய குட்டை முடியோடு நீளமான செம்பட்டை முடியைச் சேர்த்து, யாரோ ஒரு மெல்லிய பின்னல் போட்டிருந்தார்கள். ஒரு ஜாண் நீளம்.

"காலைல எழுந்தப்போ இருந்துச்சு," என்றாள் தணிந்த குரலில். "வீட்ல நான் ஒருத்திதான் சார்."

இடுக்கியால் ஒரு இழையை உருவிக்கொண்டு போய் நுண்ணோக்கியில் வைத்தேன். செத்த முடியின் வேர் காய்ந்து சுருங்கியிருக்கும். இதன் வேர் வெள்ளையாக, ஈரத்தோடு, அப்போதுதான் தலையிலிருந்து பிடுங்கியது போலிருந்தது.

போன் செய்தேன். "அந்த வீட்டை விட்டு வந்துடும்மா. இன்னைக்கே. எங்க வீட்ல வந்து இரு."

"அவளை ஓடுகாலின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ சார் நான்," என்றாள். "இப்ப நானும் விட்டுட்டுப் போகட்டுமா?"

சொன்னதும் வைத்துவிட்டாள். அதன்பின் அவள் போனை எடுக்கவில்லை. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரில் போனேன். மத்தியான வெயில். கடைப் பலகையை எடுத்துவிட்டிருந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பின்னறையிலிருந்து அவள் குரல் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கொஞ்சல் அதில் இருந்தது.

"கொஞ்சம் இருங்க சார். இப்ப எழுந்திரிக்க முடியாது. அம்மா இன்னும் பின்னி முடிக்கல."