வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புச் சால்வை

1908 மார்ச், திங்கட்கிழமை. காலை ஆறு மணி. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் பின்சந்தில், நூருல் அமீனின் போட்டோக் கொட்டகை வாசலில், மாட்டுப்பண்ணைக்காரர் மாணிக்கம் பிணமாகக் கிடந்தார். பின்மண்டையில் அடி. உடம்பில் வேட்டி மட்டும்.

ஏழு மணிக்கு நூருல் அமீன் காவல் நிலையக் கம்பிக்குள் இருந்தான்.

யாரிடமும் தொழில் படித்தவனல்ல அவன். படம் பதியும் கண்ணாடித் தட்டுகளில் நூறைப் பாழாக்கித் தானாகக் கற்றுக்கொண்டவன். ரிக்‌ஷாக்காரர்களின் பாதங்கள், கொடியில் காற்றடைத்து உப்பிய கைலிகள், மழைச் சாலையில் எருமை மந்தை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிடிப்பான். முகம் பிடிக்க வருகிறவர்களுக்குத் தன் பெட்டியிலிருந்து வெளிர்நீலத் தலைப்பாகையும் ரத்தச் சிவப்புச் சால்வையும் எடுத்து அணிவிப்பான். படத்தில் எடுப்பாக விழும். சனிக்கிழமை மாணிக்கத்துக்கும் அப்படித்தான் அணிவித்தான். மனைவியை இழந்த அவர், நாகப்பட்டினத்தில் பெண் பார்த்திருந்தார்.

"படம் அவங்களுக்கு அனுப்பத்தான். மச்சானுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஒரே ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தான். கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை.

எட்டரை மணிக்கு மாணிக்கத்தின் மைத்துனன் செல்லக்கண்ணு வந்தான். சார்ஜன்ட் வடிவேலு அவனை விசாரித்தது கம்பிக்குள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"கடைசியா எப்ப பார்த்தே?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிங்க. அத்தான் இவன் கொட்டகைக்குள்ள போனாரு. வெளிய வரவே இல்ல."

"அவர்தானா?"

"அவரேதாங்க. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புச் சால்வை. சால்வையில மாங்காப் பூ போட்டிருந்துச்சு."

"பொணத்து மேல அதெல்லாம் இல்லையே?"

"இவன்தான் உருவியிருப்பான்."

பிணம் நூருல் அமீனின் வாசலில். சாட்சி எதிரே. ஐந்து மணிக்கு அவன் இருட்டறைக்குள் தனியாக இருந்தான். அதை யார் நம்புவார்கள்? வெளியே வர ஒரு சந்துகூட இல்லாமல் எல்லாப் பக்கமும் அடைபட்டுக்கொண்டிருந்தது. மாங்காய்ப் பூச் சால்வை அவனுடையதேதான்.

ஆனால் கறுப்பா?

கம்பியைப் பற்றிக்கொண்டு எழுந்தான். "ஐயா, அவரைப் போட்டோ எடுத்தது இவருக்குத் தெரியுமான்னு கேளுங்க."

"போட்டோவா? அப்படி எடுத்ததே எனக்குத் தெரியாது" என்றான் செல்லக்கண்ணு.

"அதை எழுதிக்கங்க ஐயா. என் பெட்டியையும், மாணிக்கத்தைப் பிடிச்ச கண்ணாடித் தட்டையும், படம் போடுற தாளையும் கொண்டாரச் சொல்லுங்க."

ஒன்பதே கால். நிலைய முற்றத்தில், விலங்கிட்ட கையோடு, தட்டின்மேல் தாளைப் பொருத்தி வெயிலில் வைத்தான். பத்து நிமிடத்தில் மாணிக்கம் தாளில் எழுந்தார். தலையில் வெள்ளைப் பாகை. தோளில் மாங்காய்ப் பூப் போட்ட கறுப்புச் சால்வை.

"நான் சொன்னதுதானே!" என்று கத்தினான் செல்லக்கண்ணு.

நூருல் அமீன் பெட்டியைத் திறந்தான். நீலம். சிவப்பு.

"இது வேற சால்வைடா" என்றார் சார்ஜன்ட்.

"தோள்பட்டையில கிழிசல் தைச்ச இடத்தைப் பாருங்க. படத்துலயும் அதே தையல். இந்தத் தட்டுக்குச் சிவப்பு தெரியாதுங்க, கறுப்பாக்கிடும். நீலத்தை வெளுத்துடும். மாணிக்கம் கறுப்புச் சால்வையோட இருந்தது அந்தப் படத்துல மட்டும்தான். நேத்து மூணு மணிக்குத்தான் அது அவர் கைக்குப் போச்சு. படம் எடுத்ததே தெரியாதவன் இதை எங்க பார்த்தான்?"

சார்ஜன்ட் வடிவேலு மெல்லத் திரும்பினார். செல்லக்கண்ணுவின் பார்வை வாசலுக்குப் போனது. அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

பதினொரு மணிக்கு மாட்டுக் கொட்டகையின் வைக்கோலுக்கடியில் கிழிந்த படமும் ரத்தம் தோய்ந்த, மாடு கட்டும் முளைக்கட்டையும் கிடைத்தன.

"எங்கக்கா செத்து எட்டு மாசங்கூட ஆகல" என்று தரையில் உட்கார்ந்து அழுதான் செல்லக்கண்ணு. "மாப்பிள்ளையாட்டம் நிக்கிற படத்தை ரசிச்சுப் பார்த்துட்டிருந்தாரு. பிடுங்கினேன். அடிச்சேன். படத்துக்குப் பின்னால இவன் பேரு இருந்துச்சு. அதான் ராத்திரி இவன் வாசல்ல கொண்டாந்து போட்டேன்."

விலங்கு கழன்றது. "நீ போகலாம்" என்று சார்ஜன்ட் இரண்டு முறை சொன்ன பிறகே நூருல் அமீனின் கால்கள் நகர்ந்தன. முற்றத்து நிழலில் கிடந்த தாளில் மாணிக்கத்தின் முகம் பழுப்பேறிக்கொண்டிருந்தது.

"இதை உடனே மருந்துல கழுவணுங்க. இல்லேன்னா வெளிச்சம் பட்டு முகம் போயிடும்."

"எடுத்துட்டு ஓடு."

தாளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, சிராங்கூன் சாலை வெயிலில் அவன் ஓடினான்.