தறிக்குழியில் ஒரு டின்

நேற்றுவரை தறிக்குழியின் தரையில் அசையாமல் நின்றிருந்த டின், இன்று விரல் பட்டதும் முன்னும் பின்னும் ஆடியது. அம்சவேணி அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். தட்டையாக இருந்த தகரம் புடைத்திருந்தது.

தம்பி சிட்டிபாபு பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது கொடுத்தது. உள்ளே ஆட்டுக்கறி.

“பனியில இத்தத் தின்னுதான்க்கா நாங்க உயிரோட நிக்கிறோம். ஒனக்கு ரெண்டு புள்ளயும் ஏழாம் மாசத்துல போச்சு. இதுக்காவது ஒடம்புல தெம்பு வேணாமா? கண்ண மூடிக்கினு முழுங்கு. சிவன் இன்னா, டின்னைத் தொறந்தா பாக்கப் போறாரு?”

சிரித்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டான்.

கறி நுழைந்தறியாத வீடு. தின்ன மனம் வரவில்லை. தெருவில் எறிந்தால் நாய் உருட்டிக்கொண்டு வந்து யார் வாசலிலாவது போடும். வயிற்றுப்பிள்ளைக்காரி குழியில் கால் தொங்கவிட்டு நெய்யக்கூடாதென்று மாமியார் லோகாம்பாள் அவளுடைய தறியை நிறுத்தி வைத்திருந்தாள். அந்தக் குழியில் வேறு யாரும் இறங்கமாட்டார்கள். அங்கேயே ஒளித்தாள். அம்மனுக்குச் சாத்தும் புடவை நெய்த குழி அது என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது ஏழாம் மாதம். காலையிலிருந்து குழந்தை அசையவில்லை.

பக்கத்து அறையில் கணவன் பரமசிவத்தின் தறி மழையோடு சேர்ந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க, ஈரமண்ணும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் கலந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, லேசான இனிப்போடு, முன்பு பிரசவ அறையில் அவள் முகர்ந்த அதே வாசனை, குழிக்குள் மெல்லப் பரவியது.

தறி ஓய்ந்தது.

டக், டக் ஓசை ஓயவில்லை.

அது டின்னுக்குள்ளிருந்து வந்தது.

புடைப்பை உள்ளங்கையால் அழுத்தினாள். உள்ளே போயிற்று. மெல்லத் திரும்பி வந்தது. சூடாக. தகரம் தோலைப் போல் இளகியிருந்தது.

உள்ளிருந்து உதைத்தது. சின்னக் குதிகால் அளவு.

தன் வயிற்றைத் தொட்டாள். குளிர்ந்த கல்.

“அம்சவேணி! வெளக்கு வெக்கிற நேரத்துல அங்க இன்னாமா பண்ணிக்கினு இருக்கற?”

கொல்லையில் புதைத்துவிட வேண்டும். இப்போதே. டின்னை மடியில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டு மேலே ஏறினாள்.

நடையில் லோகாம்பாள் நின்றிருந்தாள்.

“மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்குது? புள்ள அசையுதா?”

“அசையுது, அத்தே.”

மாமியாரின் கை நீண்டது. விலக இடமில்லை. முந்தானையின் மேல் பதிந்தது. டின்னின் மேல்.

லோகாம்பாளின் முகம் மலர்ந்தது.

“அடி அம்மாடி! டேய் பரமசிவம், ஓடியாடா! ஒம் புள்ள ஒதைக்கறதத் தொட்டுப் பாரு!”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வெட்கத்தோடு தொட்டான். கண் கலங்கிவிட்டது.

“போக்கிரி,” என்றான்.

டின்னுக்கு அடியில், அவளுடைய வயிற்றில், ஒன்றுமில்லை.

இரண்டு கைகளுக்கும் அடியில் அது எட்டி எட்டி உதைத்தது. நழுவப் பார்த்தது. அம்சவேணி தன் கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.