பேஸ்மென்ட் அறையில் மூச்சு

காலை ஒன்பது மணிக்கு கண்ட்ரோல் ரூமில் வந்து உட்கார்ந்தால் இருபத்திரண்டு மாடியும் என் ஸ்கிரீனில் இருக்கும். எந்த அறையில் ஆள் இருக்கிறார்கள், எந்தக் கதவு திறந்தது, எல்லாம் தெரியும். அலாரம் அடித்தால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பொய் அலாரமே ஒரு நாளைக்கு நாற்பது அடிக்கும். மண்டை காய்ந்துவிடும். அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தொல்லை கொடுக்கும் சென்சாரின் அளவைக் கையால் பூஜ்யமாக்கிப் பூட்டிவிடுவோம். அப்புறம் அங்கே என்ன நடந்தாலும் ஸ்கிரீன் பூஜ்யம்தான் காட்டும்.

என் மச்சான் அப்படித்தான் செத்தான்.

என் மனைவியின் அண்ணன் அவன். இதே கட்டடத்தில் ஏசி மெக்கானிக். பேஸ்மென்டில் ஏசி மெஷின் இருக்கும் அறையில் வாசனையே இல்லாத கேஸ் கசிந்தது. நான் பூட்டிவைத்திருந்த அலாரம் அடிக்கவில்லை. உடலை வெளியே எடுப்பதற்குள் அலாரத்தின் பூட்டை எடுத்துவிட்டேன். அலாரத்தை அவனே நிறுத்திவிட்டு உள்ளே போனான் என்று விசாரணையில் சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன்.

"எங்கண்ணன் அப்படி அஜாக்கிரதையான ஆள் இல்லீங்க. அந்த ரூமை ஒரே ஒரு தடவை காட்டுங்களேன்" என்று அவள் தினமும் கெஞ்சுவாள்.

"அங்க என்ன இருக்கு பாக்கறதுக்கு? பேசாம இரு."

உண்மை தெரிந்தால் ஒரு நிமிஷம்கூட என்னோடு இருக்கமாட்டாள். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு அந்த அறையில் புது சென்சார் வைத்தார்கள். உள்ளே யாராவது மூச்சு விட்டால் அளவு ஏறும். உடனே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி, இன்னும் முழுசாக அடைபடாத கசிவை வெளியே தள்ளிவிடும்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி. பூட்டிய அறையில் அளவு ஏறியது. ஃபேன் ஓடத் தொடங்கியது.

வாட்ச்மேனை அனுப்பினேன். பெரிய மீசை வைத்திருப்பதால் அவருக்கு மீசை என்றே பெயர்.

"ஈ காக்கா இல்ல சார்" என்றார் வாக்கிடாக்கியில். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா யாரோ மூச்சு வாங்கற சத்தம் கேக்குது சார்."

செவ்வாயும் பதினோரு மணிக்கு.

புதனும்.

இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்றுவிட்டார் மீசை. நானே அந்த அறையின் மைக்கை என் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். இழுத்து இழுத்து மூச்சு. நடுவே, காதோடு சொல்வது போல ஒரு குரல்.

"மாப்ள..."

என்னை அப்படிக் கூப்பிட்டது அவன் ஒருவன்தான்.

வியாழக்கிழமை அளவு படபடவென்று ஏறியது. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. "செத்தும் என்னை விடமாட்டியாடா?" என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தினேன். ஸ்கிரீனில் வேறெதையும் பார்க்காமல் அளவைப் பூஜ்யமாக்கிப் பூட்டினேன். ஃபேன் நின்றது.

கேஸ் அலாரம் அடித்தது. அதையும் பூட்டினேன்.

ஸ்பீக்கரில் கதவைத் தட்டும் சத்தம் வந்தது. அதையும் அணைத்தேன்.

அப்பாடா என்றிருந்தது. டீ ஊற்றிக் குடித்தேன்.

அரைமணி நேரம் கழித்து மீசை எட்டிப் பார்த்தார். "சார், உங்க வீட்டம்மா பதினோரு மணிக்கே வந்தாங்க. கீழ அந்த ரூமைப் பாத்துட்டு வரேன்னாங்க. இன்னும் மேல வரலையே?"

ஓடினேன். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படிகளில் விழுந்து எழுந்து ஓடினேன்.

கதவுக்கு உள்ளே ஒரு அடி தள்ளிக் கிடந்தாள். பத்து விரல்களிலும் நகம் உடைந்து ரத்தம். உள்ளிருந்து கதவைத் திறக்கும் பொத்தான் நான் அழுத்தியபோது நன்றாகத்தான் வேலை செய்தது; அவளுக்கு மட்டும் திறக்கவில்லை.

அவளிடம் கதவைத் திறக்கும் கார்டு கிடையாது. 11:02க்கு அந்தக் கதவைத் திறந்தது மச்சானின் கார்டு என்று ஸ்கிரீன் சொன்னது. அந்தக் கார்டு அவன் சிதையிலேயே சட்டைப்பையோடு எரிந்துபோயிருந்தது. மெஷின் கோளாறு என்று எழுதி விசாரணையை முடித்தார்கள்.

நான் கேட்காத குரலை அந்த அறையின் மைக் பதிவுசெய்து வைத்திருந்தது. ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்டேன்.

"கதவைத் திறங்க... அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்கதான்னு சொல்லிட்டான். பரவால்ல, திறங்க... மூச்சு முட்டுதுங்க..."

அந்த அறையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது பதினோரு மணி. அளவு ஏறிக்கொண்டிருக்கிறது.

முன்பைவிட இரண்டு மடங்கு.