சத்தமில்லாத கருத்துக்கேட்பு

தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில் காலை நேரத்தில் மனிதச் சத்தமே இருக்காது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிலைமை. மீன் வெட்டும் ஓசை, தண்ணீர் ஊற்றும் ஓசை, அவ்வளவே. பேரம் நடக்கும், சண்டை நடக்கும், ஏச்சும் பேச்சும் தாராளமாக நடக்கும், எல்லாம் மண்டைக்குள்ளேயே. ஊரில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் மனவலைச் சிப் வைத்தாயிற்று. நினைத்தால் போதும், எதிராளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

“அம்மா, சாளை வாங்கும்மா!”

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. ஜெசிந்தா மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். “மெதுவாப் பேசுட்டி. வாங்குதேன்” என்று முணுமுணுத்தாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்ததே அப்போதுதான், தொண்டை கரகரத்தது.

அமலிக்குப் பன்னிரண்டு வயது. சிப் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் கண்டு பிள்ளை பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அவளைப் போல மனவலை ஒட்டாத பிள்ளைகளுக்கென்றே கடற்கரைச் சாலையில் ஒரு வாய்மொழிப் பள்ளி இருந்தது. அங்கே பாடம் நடத்துவதும் திட்டுவதும் கொஞ்சுவதும் வாயால்தான். அந்தப் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்க்கலாம், ஆளுக்கொரு பேசுகருவி கொடுத்துவிடலாம் என்று கல்வித்துறை யோசித்தது. வகுப்பிலும் வீட்டிலும் ஓடும் எண்ணங்களை அந்தக் கருவி சுருக்கிச் சொல்லுமாம். அதைப் பற்றிய மக்கள் கருத்துக்கேட்பு அன்றைக்குத்தான்.

மீனை வீட்டில் வைத்துவிட்டுத் தாயும் மகளும் போனபோது மண்டபம் நிரம்பியிருந்தது. அமலி தன் பள்ளிப் பிள்ளைகளோடு முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மேடையில் கல்வி அலுவலர் அந்தோணிமுத்து கண்ணை மூடினார். பெரியவர்கள் எல்லோரும் மூடினார்கள். ஜெசிந்தாவுக்குள் ஊரே திறந்துகொண்டது. ஆதரவு, தயக்கம், பரிதாபம், அடுத்த வேலைக்கு ஓடும் அவசரம் எல்லாம் கலந்து பாய்ந்தன. அவளுடைய எண்ணமும் அதில் போய் விழுந்தது: என்னால் இனி முடியாது. உடனே நாலாபக்கமிருந்தும் ஆறுதல் வந்து அணைத்துக்கொண்டது. ஒருவர்கூட அவளைக் குறை சொல்லவில்லை. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! அந்தச் சுகத்திலேயே பள்ளியை மூட ஒப்புதலும் கொடுத்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தார்கள். மூடுவது என்று முடிவாகிவிட்டது. நாற்காலிகள் நகர்ந்தன.

அமலி எழுந்தாள். “சார், கூட்டம் எப்ப ஆரம்பிக்கும்?”

அலுவலர் திகைத்துப்போய்ச் செருமினார். “அது... முடிஞ்சிட்டும்மா.”

“யாரும் ஒண்ணுமே பேசலியே சார். எங்களப் பத்தித்தான கூட்டம்?”

அடக் கடவுளே! அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மனவலையில் போட்டது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்றே பழகிவிட்டவர்கள். அலுவலருக்கு வேர்த்துக் கொட்டியது. “யாராவது பிள்ளைகளுக்கு வாயால சொல்லுங்களேன்” என்று கெஞ்சினார்.

கடைசியில் ஓர் உப்பு வியாபாரி எழுந்தார். “எல்லாப் பிள்ளையளும் ஒண்ணா இருந்தா நல்லதுதானம்மா?”

“நல்லதுதான் சார். அந்தப் பிள்ளையள் எங்கூடப் பேசுமா?”

அவருடைய மகளே சாதாரணப் பள்ளியில்தான் படித்தாள். அவள் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்கே நினைவில்லை. “தெரியலியேம்மா” என்று உட்கார்ந்துவிட்டார்.

அமலி பின்னால் திரும்பினாள். முகத்தில் ஓர் ஆவல். “நீ என்னம்மா சொன்ன?”

மனவலையில் அத்தனை லேசாகப் போன எண்ணம் இப்போது நாக்கில் ஏற மறுத்தது. சொல்லாதே, பிள்ளை தாங்காது என்று ஊர் முழுக்க அவளுக்குள் பதறியது.

“மூடட்டும்னு சொன்னேன்ட்டி.”

“ஏம்மா?”

“உங்கூடப் பேசிப் பேசி அலுத்துப்போச்சு. ஒவ்வொண்ணையும் வாயத் தொறந்து சொல்லணும். அந்த மிஷின் பேசட்டும், நாம கொஞ்சம் சும்மா இருப்போம்னு நெனச்சேன்.” சொல்லி முடிப்பதற்குள் ஜெசிந்தா அழுதுவிட்டாள்.

அமலி அவளைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்கும் அலுப்பாத்தாம்மா இருக்கு. நீ என்ன நெனைக்கன்னு தெனமும் உன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிக்கணும். பாதி நாள் தப்பாப் போயிருது. பள்ளிக்கூடத்துலதான் அந்தத் தொல்லை இல்ல. எல்லாரும் சொல்லிருவாங்க.”

அந்தோணிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இந்த முடிவு செல்லாது. எல்லாரும் உக்காருங்க. மொதல்லேருந்து, வாயால சொல்லுங்க.”

“பள்ளிக்கூடம் இருக்கட்டும் சார்” என்று முதல் ஆளாகச் சொன்னாள் ஜெசிந்தா.

சொன்னதுதான் தாமதம், கூட்டத்தின் முனகல் மொத்தமும் அவள் மண்டைக்குள் வந்து மோதியது. வேலை கெட்டது, எல்லாம் இவளால். காதுக்குப் பின்னால் இருந்த சிப்பை விரலால் அழுத்தினாள். ஊர் அணைந்துபோனது. பக்கத்து நாற்காலிக்காரர் தன்னைத் திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பயமாக இருந்தது. எழுந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். எவ்வளவு பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

“கோவமாட்டி?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா” என்றாள் அமலி. “இப்பத்தான் கேட்டிருக்க.”