மூன்றாவது பாஸ்போட்

1996 ஒக்ரோபர். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்த நானும் மனைவி மக்டலீனும், ஜேர்மனியில் இருந்த என் அண்ணன் யோசப்பின் காரை இரவலாக எடுத்துக்கொண்டு சுவிஸ் புறப்பட்டோம். மக்டலீனின் தங்கை பாசலில் இருந்தாள்.

"எல்லையில ஸ்ரிக்கர் ஒண்டு வாங்கிக் கண்ணாடியில ஒட்டோணும். இல்லாட்டி அவங்கட ஹைவேயில ஓடேலாது," என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். "இந்தக் கார் ஒருநாளும் சுவிசுக்குப் போனதில்லை."

மத்தியானமாகியும் பனிப்புகார் கலையவில்லை. எல்லையில் ஓர் இளம் காவலர் ஸ்ரிக்கரைத் தந்து, ஒட்டவேண்டிய இடத்தைக் காட்டினார். மக்டலீன் அந்த இடத்தைத் துடைத்தாள்.

அவள் கை நின்றது.

கண்ணாடியில் மூன்று பழைய ஸ்ரிக்கர்களைச் சுரண்டி எடுத்த தடங்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். இந்தக் கார் சுவிசுக்குப் போயிருக்கிறது.

காவலர் எங்கள் பாஸ்போட்டுகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் கையை நீட்டினார். "மற்றது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாங்கள் இரண்டு பேர்தான்."

"பின்னால் இருக்கிற பெண்ணுடையது."

திரும்பிப் பார்த்தேன். பின் சீற்றில் மக்டலீனின் குளிர்ச்சட்டை மட்டும் கிடந்தது.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். முகம் வெளிறிப்போனது. டிக்கியைத் திறக்கச் சொன்னார். ஆள் கடத்துகிறோம் என்று நினைத்திருப்பார். டிக்கிக்குள் எதுவும் இல்லை. கையசைத்து எங்களைப் போகவிட்டவர், கார் நகரும்வரை பின் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்சத் தூரத்தில் காருக்குள் தேங்காயெண்ணெய் மணந்தது.

"நீர் தலைக்கு எண்ணெய் வைச்சனீரோ?"

"இல்லை," என்றாள் மக்டலீன்.

முதலில் வந்த தரிப்பிடத்தில் நிறுத்தி, போன் கூண்டிலிருந்து அண்ணனை அழைத்தேன்.

"அண்ணை, பின்னுக்கு இருக்கிற பொம்பிளையின்ர பாஸ்போட்டைக் கேட்டவங்கள்."



"பின் சீற்றிலயோ?" என்றார் மெதுவாக. "அவள் டிக்கியுக்க எல்லோ மூச்சு முட்டி..."

போன் அறுந்தது. அதன் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

"பொலிசிட்டச் சொல்லுவம்," என்றாள் மக்டலீன். "அந்தப் பிள்ளைக்கும் தாய் தேப்பன் இருப்பினம். தேடிக்கொண்டிருப்பினம்."

"என்ர கூடப்பிறந்தவரெல்லோ. எப்பிடிச் சொல்லுறது?"

அவள் அழுதாள். நான் சொல்லவில்லை. காரைப் பாசலில் விட்டுவிட்டு ரயிலேறினோம். அடுத்த கிழமை ரொறன்ரோ வந்து சேர்ந்தோம்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு முன் எங்கள் சொந்தக் காரை நிறுத்தினேன். நல்ல வெயில். எஞ்சின் அடங்கியது.

கதவைத் திறக்கப்போன மக்டலீன் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

டிக்கிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல். இளம் குரல், பயணக் களைப்போடு.

"அண்ணை, கனடா வந்திட்டமோ?"