பெட்டியிடம் மட்டும் சொன்ன வலி

கலைவேந்தன், வயது இருபத்து நான்கு, சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிலாளர் விடுதி, நான்காம் மாடி. அவனுக்கு ஒரு பெட்டிமேல் பொறாமை.

நலங்காணி என்ற அந்த மருத்துவப் பெட்டி பேராவூரணியில், அம்மா வசந்தாவின் வீட்டு அலமாரியில் இருந்தது. அவள் மணிக்கட்டிலிருந்த பட்டை நாடியையும் ரத்த அழுத்தத்தையும் அளந்துவிடும். எங்கே வலிக்கிறது என்பதை மட்டும் பெட்டி கேட்க, அவள் வாயால் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து இதய மாத்திரையின் அளவைப் பெட்டியே கூட்டும், குறைக்கும். ஊரில் பாதிப் பேர் டாக்டரிடம் போவதையே விட்டிருந்தார்கள்.

அந்தப் பேச்செல்லாம் பெட்டியை வாங்கித் தந்த மகனின் செல்போனுக்கும் வரும். அது அம்மாவுக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டின்போது, பெட்டியின் பெண்குரலிடம் அம்மா சொன்னதைச் செல்போனில் கேட்டான். "படியேறுனா இடது தாடைய இழுக்குது தாயி. நேத்து துணி பிழியறப்ப மூச்சே வரல. எம்மவன்கிட்ட சொல்லிறாத, கெடந்து தவிப்பான்."

தாயியாம், தாயி! பத்து நிமிடம் முன்பு போனில் அவனிடம் சொன்னது, "நல்லா இருக்கேன்யா, சாப்டியா?" அவ்வளவுதான்.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த அறைத்தோழர் முருகையன் சிரித்தார். "என்னடா, பெட்டியோட சக்களத்திச் சண்டையா?"

"அவங்களுக்குப் புள்ள நானா, அதுவாண்ணே?"

அன்று சாயங்காலமே நலங்காணியின் பெண்குரலை நீக்கித் தன் குரலை ஏற்றினான். இனி அம்மா சொல்வதெல்லாம் தன்னிடம் சொன்னதாக இருக்கட்டும்.

மறுநாள் பெட்டி அவன் குரலில் கேட்டது: "அம்மா, எங்கயாவது வலிக்குதா?"

"எனக்கென்னய்யா, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ சாப்டியா?"

"சாப்பிட்டேம்மா" என்றது பெட்டி.

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அதற்குத்தான் போனது.

பத்தாம் நாள் குறிப்பு வந்தது: 'பட்டை அளவுகள் இயல்பு. பத்து நாளாக வலி இல்லை எனத் தெரிவித்துள்ளார். மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டது.'

"அவங்க பொய் சொல்றாங்க!" என்று செல்போன்வழி பெட்டியிடம் கத்தினான். 'வலியைப் பற்றி நோயாளி சொல்வது மட்டுமே ஏற்கப்படும்' என்றது பெட்டி, அவன் குரலிலேயே.

பழைய குரலைத் திருப்பி வைத்துவிட்டு அம்மாவை அழைத்தான். "தாடை வலிய மறைக்காதம்மா! பெட்டிகிட்ட உள்ளதச் சொல்லு!"

"தாடை வலியா? அது எப்புடி உனக்கு..." நிறுத்தினாள். "ஓ. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தியா?"

சற்று நேரத்தில் புதிய பதிவு வந்தது. பெண்குரல் பொறுமையாகக் கேட்டது. அம்மா மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: "நல்லா இருக்கேன். எம்மவன்கிட்டயும் அதையே சொல்லு."

தட்டச்சு செய்யப் பொறுக்காமல், வாயால் சொல்லி எழுத்தாக்கித் தெருக்காரர்களின் செல்போன் குழுவுக்கு அனுப்பினான்:

"நான் வசந்தா மகன் வேந்தன் பேசுறேன். இதப் படிக்கிறது யாரா இருந்தாலும் இப்பவே எங்க வீட்டுக்குப் போங்க. அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."